கணக்கு எங்கே சிக்குகிறது? ஆப்டிடியூட் பயிற்சியில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டம் சித்தூர்த் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரே சமயத்தில் பல தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள். காலையில் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறி வங்கித் தேர்வுக் கோச்சிங். சாயங்காலம் கேரள பி.எஸ்.சி. கைடு. நடுவில் ரயில்வே அறிவிப்பு வந்தால் அதற்கும் ஒரு விண்ணப்பம். டிகிரி முடித்தவர்கள் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வையும் எழுதிப் பார்ப்பார்கள். பாடத்திட்டம் எப்படி மாறினாலும் கணக்குப் பகுதி மட்டும் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கும். வருகிற புகாரும் ஒன்றுதான்: "அண்ணா, கணக்கு வரமாட்டேங்குது."

இவ்வளவு மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. கணக்கு வராமல் போக ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யும். கை வேகம் இல்லாதவரிடம் "இன்னும் நிறையப் போடு" என்றால் பலன் உண்டு. கேள்வியைத் தப்பாக வாசிக்கிறவரிடம் அதையே சொன்னால், தப்பாக வாசிப்பதில் வேகம் கூடும், அவ்வளவுதான்.

அதனால் முதலில் ஒரு சோதனை. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துக் கணக்குப் பகுதியை மட்டும் அந்தத் தேர்வுக்குரிய நேரத்தில் போடுங்கள். ரஃப் தாளைக் கசக்கி எறிய வேண்டாம். விடைகளைவிட அதுதான் இங்கே முக்கியம். அப்புறம் தப்பான, விட்டுப்போன ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். வழியே தெரியவில்லை என்றால் 'வ'. வழி தெரிந்து, கூட்டிப் பெருக்குவதில் சறுக்கியிருந்தால் 'ச'. கேட்டது ஒன்று, போட்டது ஒன்று என்றால் 'கே'. கேள்விக்கே போய்ச் சேரவில்லை என்றால் 'நே'. 'வ' போட்டவற்றை மறுநாள் கடிகாரம் இல்லாமல் ஒருமுறை முயன்று பாருங்கள். சில வந்துவிடும், அவற்றை 'நே'க்கு மாற்றுங்கள். ஒரே ஒரு தாளை வைத்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்று தாள் பார்த்தால் உங்கள் எழுத்து எது என்று தெரிந்துவிடும். அதற்குரிய இடத்துக்கு நேராகப் போகலாம், எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை.

"பார்த்தா புரியுது, போட்டா வரமாட்டேங்குது"

'வ' அதிகம் உள்ளவர்கள் சொல்வது இது. வீடியோவில் சார் போடும்போது ஒவ்வொரு வரியும் சரி என்றே தோன்றும். ஆனால் அவர் எழுதிய வரி சரியா என்று பார்ப்பது ஒரு வேலை, அடுத்து எந்த வரியை எழுதுவது என்று முடிவெடுப்பது வேறு வேலை. வீடியோ முதல் வேலையை மட்டும்தான் பழக்குகிறது. தேர்வறையில் வேண்டியது இரண்டாவது.

உறுதிப்படுத்திக்கொள்ள, முந்தாநாள் 'புரிந்த' கணக்கு ஒன்றை வெறும் தாளில் போட்டுப் பாருங்கள். முதல் வரியிலேயே கை நின்றால் சிக்கல் இதுதான்.

சரிசெய்ய, தீர்வை ஒரு தாளால் மூடிக்கொள்ளுங்கள். முதல் வரியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மீதியை நீங்களே முடியுங்கள். மறுநாள் அதையே எதையும் திறக்காமல் போடுங்கள். பெரும்பாலான கணக்கின் உயிர் முதல் வரியில்தான் இருக்கிறது. ஒருவர் ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார், இன்னொருவர் 18 நாளில். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? மொத்த வேலை 36 அலகு என்று வைத்துக்கொள்வதுதான் முதல் வரி. முதலாமவர் நாளைக்கு 3 அலகு, அடுத்தவர் 2, சேர்ந்து 5, ஆக 7.2 நாள். "இந்த 36 எங்கிருந்து வந்தது?" என்று கேட்காமல் தாண்டியவருக்கு, நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது என்று தெரியாது. கேட்டவருக்கு அது 12, 18 இரண்டாலும் வகுபடும் மிகச் சிறிய எண் என்று தெரியும். அவர் தொட்டி, குழாய்க் கணக்கையும் அதே வரியில் தொடங்குவார்.

இதே கணக்குக்கு 'பெருக்கிக் கூட்டலால் வகு' என்றொரு ஷார்ட்கட் உண்டு: 12×18 வகுத்தல் 30. விடை சரிதான். மூன்றாவது ஆள் வந்ததும் மூன்றையும் பெருக்கி மூன்றின் கூட்டலால் வகுப்பவர்களை நிறையப் பார்க்கலாம். அது தப்பு. ஷார்ட்கட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நீண்ட வழியில் நாலைந்து கணக்கு போட்ட பிறகு எடுத்துக்கொண்டால், அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று கைக்கே தெரிந்திருக்கும்.

"சேப்டர் சேப்டரா போட்டா சரியா வருது, மாடல் டெஸ்ட்ல விழுந்துடுது"

பாடத் தலைப்பு பாதிக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. 'லாபம் நட்டம்' என்று மேலே எழுதியிருந்தால் எந்த வழி என்று யோசிக்கவே வேண்டாம். மாடல் டெஸ்ட்டில் அந்தத் தலைப்பு இருக்காது.

இந்த மூன்று கேள்விகளைப் பாருங்கள். ஒன்று: ஒரு பொருளின் விலை 20% ஏறி, பிறகு 20% இறங்கினால் மொத்த மாற்றம் என்ன? இரண்டு: தேங்காயெண்ணெய் விலை 20% ஏறிவிட்டது, வீட்டுச் செலவு கூடாமலிருக்க எண்ணெயை எத்தனை சதவீதம் குறைத்து வாங்க வேண்டும்? மூன்று: இரண்டு பொருள்களை ஒரே விலைக்கு விற்றதில் ஒன்றில் 20% லாபம், மற்றதில் 20% நட்டம், மொத்தத்தில் என்ன?

மூன்றிலும் இருபதுதான். முதலாவது 4% இறக்கம். இரண்டாவது 16⅔%. மூன்றாவது 4% நட்டம். முதலாவதும் மூன்றாவதும் ஒரே எண்ணாக வந்து நிற்பதால் இரண்டும் ஒரே கணக்கு என்று நினைத்துவிடுவார்கள். முதலாவதில் ஒரே பொருள், அடுத்தடுத்து இரண்டு மாற்றம். மூன்றாவதில் இரண்டு பொருள், ஒவ்வொன்றின் லாப நட்டமும் அதனதன் அடக்க விலையின் மேல். இரண்டையும் ஒரே விலைக்கு வாங்கி 20% லாபத்துக்கும் 20% நட்டத்துக்கும் விற்றிருந்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரே ஒரு சொல் மாறினால் விடை மாறிவிடும்.

இதற்குப் பயிற்சி, கணக்கைப் போடாமல் இருப்பது. வெவ்வேறு தலைப்பிலிருந்து இருபது கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன வகை, முதல் வரி என்ன என்று மட்டும் எழுதுங்கள். முழுதாகப் போட வேண்டாம். கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். வாரம் இரண்டு மூன்று முறை செய்தால் போதும். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது, விடை வராததால் வேலை செய்த திருப்தி இருக்காது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

"என் விடை ஆப்ஷன்லயே இருக்கு, ஆனா தப்பு"

விடை ஆப்ஷனில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் அதிகம். வினாத்தாள் தயாரிப்பவருக்கும் இது தெரியும். நாலு விடைகளில் ஒன்று சரியானது, மற்றவை வழக்கமாகச் செய்யும் தப்புகளின் விடைகள். அதனால் ஆப்ஷனில் இருப்பது எந்தச் சாட்சியும் ஆகாது.

இந்தத் தப்புகளில் பாதிக்குமேல் சதவீதத்தில்தான் வரும், அதுவும் 'எதில்' என்ற இடத்தில். முதலமடையில் ஒரு வியாபாரி மாம்பழப் பெட்டி ஒன்றை 1,000 ரூபாய்க்கு எடுக்கிறார். 40% கூட்டி விலை குறிக்கிறார். வாங்க வந்தவர் பேரம் பேச, குறித்த விலையில் 25% தள்ளிக் கொடுக்கிறார். லாபம் எவ்வளவு? 40-லிருந்து 25 போக 15% என்பவருக்கு அந்த 15% ஆப்ஷனில் காத்திருக்கும். குறித்த விலை 1,400, தள்ளுபடி 1,400-இல் 25%, அதாவது 350, விற்றது 1,050. லாபம் 5%தான். 40% ஆயிரத்தின் மேல், 25% ஆயிரத்து நானூறின் மேல். அடிப்படை வேறு வேறாக இருக்கும்போது இரண்டு சதவீதங்களைக் கூட்டவோ கழிக்கவோ முடியாது.

மருந்து எளிது, ஆனால் செய்ய அலுப்பாக இருக்கும். சில வாரங்களுக்கு ரஃப் தாளில் ஒவ்வொரு % குறிக்குப் பக்கத்திலும் அது எதில் என்று ஒரு சொல் எழுதுங்கள்: அடக்கத்தில், குறித்த விலையில், போன வருஷத்தில், மொத்த மாணவரில். எழுத முடியாத இடத்தில் நீங்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அப்பாவின் சம்பளம் மகனுடையதைவிட 25% அதிகம் என்றால், மகனுடையது அப்பாவுடையதைவிட 20%தான் குறைவு. 'எதில்' என்று எழுதிப் பழகியவருக்கு இதில் வியப்பு இருக்காது.

சராசரி வேகமும் இதே இனம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், அதே வழியில் 60-இல் திரும்பினால் சராசரி 50 என்று கை தானாக எழுதும். தூரத்தை 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள் (நிஜத்தில் அதில் பாதிகூட இல்லை, கணக்குக்கு அது வேண்டாம்). போக 3 மணி, வர 2 மணி, 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. மெதுவாகப் போன நேரம் அதிகம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

கலவைக் கணக்கு இன்னொன்று. பாத்திரத்தில் 50 லிட்டர் பால். 10 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றுகிறார். மறுபடியும் அதே வேலை. மிச்சம் பால் எவ்வளவு? பாடப்புத்தகத்தில் எப்போதும் பால்காரர்தான் மாட்டுவார். சித்தூர்த் தாலுகாவில் இதைப் பாலுக்குப் பதில் கள்ளில் சொன்னால் வகுப்பே விழித்துக்கொள்ளும், கணக்கு அதேதான். 30 லிட்டர் என்பவர் இரண்டாம் முறை எடுத்த 10 லிட்டரும் சுத்தமான சரக்கு என்று நினைக்கிறார். முதல் கலப்புக்குப் பிறகு ஐந்தில் நாலு பங்குதான் சரக்கு. ஆகவே இரண்டாம் முறை வெளியே போவது 8 லிட்டர். மிச்சம் 32. ஒவ்வொரு முறையும் ஐந்தில் நாலு பங்கு தங்குகிறது என்று பிடித்துக்கொண்டால், மூன்றாம் முறைக்கு 25.6 என்று சூத்திரம் இல்லாமலே சொல்லலாம்.

"வழி தெரியும், கூட்டறதுல தப்பிடுது"

'ச' அதிகமாக இருந்தால் 'கவனக்குறைவு' என்று சொல்லி விட்டுவிடுவார்கள். கவனமாக இரு என்று சொல்வதால் எதுவும் சரியாகாது. ரஃப் தாளை எடுத்து எந்த வரியில் சறுக்கியது என்று வட்டம் போடுங்கள். பத்துப் பதினைந்து சறுக்கல் சேர்ந்ததும் பார்த்தால் இரண்டு மூன்று வகைதான் திரும்பத் திரும்ப இருக்கும். ஒருவருக்கு 7×8. இன்னொருவருக்குக் கழித்தலில் கடன் வாங்குவது. வேறொருவர் தாளின் மூலைமுடுக்கில் எழுதி, தன் 1-ஐயே 7 என்று வாசித்துக்கொள்வார்.

கணினித் தேர்வில் மட்டும் வரும் ஒரு சறுக்கல் உண்டு. கேள்வி திரையில், கணக்கு மேசைமேல் உள்ள தாளில். தலையை நிமிர்த்திக் குனிவதற்குள் 648 என்பது 684 ஆகிவிடும். அச்சுப் புத்தகத்தில் கேள்விக்கு அடியிலேயே கிறுக்கிப் பழகியவர்களுக்கு இது முதல் தேர்வில்தான் தெரியவரும். ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் பயிற்சியையும் திரையைப் பார்த்தே செய்ய வேண்டும். போனை நிறுத்தி வைத்தாலும் போதும். எண்ணை எழுதியதும் ஒருமுறை திரும்பப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு நொடிதான் ஆகும்.

பெருக்கலைச் சரிபார்க்க ஒன்பது நீக்கும் முறை நன்றாக உதவும். 47×86 = 4,042. நாற்பத்தேழின் இலக்கங்களைக் கூட்டினால் 11, மறுபடி கூட்டினால் 2. எண்பத்தாறுக்கு 14, பிறகு 5. 2×5 = 10, கூட்டினால் 1. விடைக்கு 4+0+4+2 = 10, கூட்டினால் 1. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் தப்பு நிச்சயம். பொருந்தினால் சரி என்று மட்டும் முடிவு செய்ய முடியாது: 4,402 என்று இடம் மாற்றி எழுதியிருந்தாலும் இது கண்டுபிடிக்காது.

"விடை பத்து மடங்கு, நூறு மடங்கு எங்கேயோ போகுது"

அலகும் பூஜ்யமும். 180 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் 120 மீட்டர் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம்? 300-ஐ 54-ஆல் வகுக்கத் தொடங்கியவர் மீட்டரையும் கிலோமீட்டரையும் கலந்துவிட்டார். 54-ஐ 5/18-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 15 மீட்டர். ஆகவே 20 வினாடி. ஓடும் ரயிலைப் பார்த்திருக்கிற எவருக்கும் ஐந்தரை வினாடி என்பது நம்பும்படி இருக்காது. விடையை எழுதும் முன் அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது நடக்குமா?

பெரிய எண்களுக்குப் பயிற்சி எடுக்கச் செய்தித்தாளே போதும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும். சித்தூர் வயல்களை நம்பியிருப்பவர்களுக்கு மனப்பாடமான எண் இது. வருஷம் முழுக்கச் சீராக விட்டால் வினாடிக்கு எத்தனை கன அடி? ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, ஆக 725 கோடி. ஒரு வருஷத்தில் 3,15,36,000 வினாடி, ஏறக்குறைய 3.15 கோடி. கோடியும் கோடியும் அடிபட, 725 வகுத்தல் 3.15, சுமார் 230 கன அடி. கால்குலேட்டர் தேவைப்படவில்லை. அட்டவணைக் கணக்கில் மூச்சு வாங்குகிறவர்கள் இப்படி தினம் ஒன்று போட்டால் லட்சம், கோடி, மில்லியன் மூன்றுக்கும் நடுவே தாவுவது பழகிவிடும்.

"நேரம் பத்தவே இல்லை"

முதலில் எந்தத் தேர்வு என்று சொல்லுங்கள். வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். கிளார்க் முதல்நிலையில் கணக்குக்கு 20 நிமிடத்தில் 35 கேள்வி, ஒன்றுக்கு 34 வினாடி. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 கேள்வி. ரயில்வே என்.டி.பி.சி. முதல் கட்டத்தில் 90 நிமிடத்தில் 100, அதில் கணக்கு 30. தமிழ்நாட்டுப் பக்கம் குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, கணக்கும் திறனறிவும் சேர்ந்து 25. எம்.பி.ஏ.வுக்கான கேட் தேர்வில் அண்மை ஆண்டுகளில் 40 நிமிடத்துக்கு 22 கணக்குகள். ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் யோசிக்க வைக்கும். கேட் புத்தகத்தை வைத்துக்கொண்டு வங்கித் தேர்வுக்குத் தயாராகிறவர் நன்றாக யோசிக்கப் பழகியிருப்பார், கை மட்டும் ஓடாது.

அடுத்து, நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் தாண்டிய கேள்விக்கெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நாலைந்து கேள்விதான் நேரத்தைத் தின்றிருக்கிறது என்றால் பிரச்சினை வேகம் அல்ல, விடத் தெரியாதது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அதிலேயே நிற்பது. முப்பது வினாடியில் முதல் வரி எழுதவில்லை என்றால் குறி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அதை மாடல் டெஸ்ட்டில் பழக வேண்டும். தேர்வறையில் புதிதாகத் தொடங்கினால் மனசு கேட்காது.

எல்லாக் கேள்வியும் சமமாக இழுக்கிறது என்றால் கை வேகம்தான். இருபது வரை வாய்ப்பாடு, முப்பது வரை வர்க்கம், பின்னம் சதவீதம். 1/6 என்றால் 16.67, 1/7 என்றால் 14.29, 1/8 என்றால் 12.5, 1/9 என்றால் 11.11, 1/11 என்றால் 9.09, 1/12 என்றால் 8.33. இது கைவசம் இருந்தால் 648-இல் 37.5% என்ற கேள்வி எட்டில் மூன்று பங்காக மாறி, 81-ஐ மூன்றால் பெருக்கினால் 243 என்று முடிந்துவிடும். வங்கித் தேர்வில் 'தோராயமாக' என்று இருந்தால் தசமங்களைத் தொடவே வேண்டாம்: 1199.8-இல் 24.97%, கூட்டல் 18.02-இன் வர்க்கம் என்றால் 300 கூட்டல் 324, ஆக 624. துல்லியமாகப் போட்டு நேரத்தை இழக்கிற நல்ல மாணவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

"நிறைய எழுதினேன், மார்க் குறைஞ்சுபோச்சு"

நெகட்டிவ் மார்க்கே ஒரு நல்ல நிகழ்தகவுக் கணக்கு. நாலு ஆப்ஷன், தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு பிடித்தம் என்பது ரயில்வே, கேரள பி.எஸ்.சி. வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் கால்வாசி வாய்ப்பில் 1 மார்க் வரும், முக்கால்வாசி வாய்ப்பில் ⅓ போகும். இரண்டும் சரிக்குச் சரி, பூஜ்யம். ஐந்து ஆப்ஷன், கால் மார்க் பிடித்தம் என்ற ஐ.பி.பி.எஸ். முறையிலும் போட்டுப் பாருங்கள், அதுவும் பூஜ்யம். ஆக, குருட்டாம்போக்கில் குறிப்பதால் சராசரியாக எதுவும் கூடப் போவதில்லை. ஆனால் ஓர் ஆப்ஷனையாவது நிச்சயமாகத் தள்ள முடிந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும்: ரயில்வேயில் ஒரு கேள்விக்குச் சராசரியாக 1/9 மார்க். இங்கே 'நிச்சயமாக' என்பதுதான் முக்கியம். ஆள் எண்ணிக்கை பின்னமாக வருகிறது, ஒன்பதால் வகுபட வேண்டியது வகுபடவில்லை என்பது போன்ற காரணம் இருக்க வேண்டும். 'இது பார்க்க விடை மாதிரி இல்லை' என்பது காரணம் ஆகாது, ஏன் என்று மேலே பார்த்தாயிற்று.

குரூப் 4-இல் நெகட்டிவ் கிடையாது. அங்கே ஒரு கேள்வியும் குறிக்காமல் வரக் கூடாது. ரயில்வேக்குப் பழகிய கை அங்கேயும் தயங்கிப் பல கேள்விகளை விட்டுவிட்டு வருவதுண்டு.

"கணக்கு தெரியும், கேள்விதான் புரியலை"

எல்லைப் பக்கத்தில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. பத்தாவது வரை மலையாள மீடியத்தில் 'பலிசை', 'அம்சபந்தம்', 'லசாகு' என்று படித்தவர், கோச்சிங்கில் வட்டி, விகிதம், மீ.சி.ம. என்று கேட்கிறார், தேர்வில் ஆங்கிலத்தில் வாசிக்கிறார். தமிழ் மீடியத்தில் படித்து மலையாள கைடு வாங்கியவருக்கு இதே சிக்கல் தலைகீழாக. மொத்தம் அறுபது எழுபது சொல்தான். ஒரு தாளில் மூன்று மொழியிலும் எழுதி வைத்தால் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும்.

எந்த மொழியில் தேர்வு எழுதப்போகிறீர்களோ, மாடல் டெஸ்ட்டையும் அதிலேயே போடுங்கள். ரயில்வேயில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவம்தான் செல்லும் என்பது விதி, அதனால் தமிழில் ஒரு வரி விசித்திரமாக இருந்தால் ஆங்கிலத்தை ஒரு பார்வை பாருங்கள். கேரள பி.எஸ்.சி.யும் சில தேர்வுகளுக்குத் தமிழ் வினாத்தாள் தருகிறது.

மொழிச் சிக்கல் இல்லாமலும் 'கே' வரும். 'முறையே', 'குறைந்தபட்சம்', 'மீதியில்' என்ற சொற்களைத் தாண்டி எண்ணுக்கு ஓடுவதால் வருவது அது. கடைசி வாக்கியத்தை முதலில் வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்பதை ரஃப் தாளில் ஒரு சொல்லாக எழுதிவிட்டுத் தொடங்குங்கள். மகனின் வயதைக் கேட்டிருக்க அப்பாவின் வயதைக் குறித்துவிட்டு வருவது இதோடு நிற்கும்.

"வீட்டுல வர்ற மார்க் ஹால்ல வரலை"

வீட்டில் இரவு பத்து மணிக்கு டெஸ்ட் போட்டுப் பழகியிருப்பார்கள். தேர்வு காலை ஷிஃப்ட், சென்டர் கோயம்புத்தூரிலோ திருச்சூரிலோ. விடியுமுன் எழுந்து பஸ் பிடித்து, வரிசையில் நின்று, பிறகு எழுத வேண்டும். வாரம் ஒரு டெஸ்ட்டாவது காலையில், போன் கைக்கு எட்டாத இடத்தில், நடுவில் எழாமல் போடுங்கள். வேறு ரகசியம் இல்லை.

"எத்தனை மாடல் டெஸ்ட் போட்டாலும் அதே மார்க்தான்"

டெஸ்ட் அளக்கும், கற்றுத்தராது. தினம் ஒரு டெஸ்ட் போட்டு மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவருக்கு மார்க் நகர எந்தக் காரணமும் இல்லை. ஒரு டெஸ்ட்டுக்கு எடுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது அதைப் பிரித்துப் பார்க்கச் செலவாக வேண்டும். தொடக்கத்தில் சொன்ன எழுத்துகளை ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் போடுங்கள். 'வ' குறைந்து 'ச' கூடுகிறது என்றால் மார்க் அசையாவிட்டாலும் முன்னேற்றம் இருக்கிறது, இனி வைத்தியத்தை மாற்ற வேண்டும் என்று பொருள்.

எல்லாத் தலைப்பையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டு வைத்திருப்பவர்களுக்கும் மார்க் இப்படி நின்றுவிடும். வங்கி முதல்நிலைக்குப் படிக்கிறவர் வரிசை மாற்றம், சேர்மானத்தில் வாரக்கணக்கில் உட்காருவதைவிடச் சுருக்குதல், எண் தொடர், அட்டவணை மூன்றையும் கைக்குள் கொண்டுவருவது மேல். கேட் எழுதுகிறவருக்கு இது பொருந்தாது, அவருக்கு இயற்கணிதமும் எண்ணியலும் கட்டாயம்.

தப்பாகப் போன கேள்விகளை ஒரு வாரம் கழித்து, தீர்வு பார்க்காமல் திரும்பப் போடுங்கள். இரண்டாம் முறையும் தப்பானவற்றை மட்டும் ஒரு தாளில், முதல் வரியோடு எழுதி வையுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் வாசிக்க அந்தத் தாள் போதும். அன்றைக்குப் புதிய மாடல் டெஸ்ட் எதையும் திறக்க வேண்டாம்.